குனிந்த தலைகள்

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் நிற்கும். அந்தக் குளத்துக்கு ஒரு கரடி ராஜா. யார் முடிசூட்டினார்கள் என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே, அதுவே சூட்டிக்கொண்டதுதான்! விலங்குகள் இடித்துத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குடித்தால் அதற்கு மண்டை இடிக்கும்.

குளக்கரையில் தரையிலேயே முட்டையிட்டு ஓர் ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தது. ஆபத்து வந்தால் அது கத்தும். உடனே எல்லா விலங்குகளும் ஓட்டம் பிடிக்கும்.

கரடி அதைக் கூப்பிட்டது. "இனிமேல் யாராவது வரிசை மாறினாலும், தலை தூக்கி வேடிக்கை பார்த்தாலும் நீ கத்த வேண்டும். உன் முட்டையை யாரும் மிதிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

"செந்நாய் வந்தால், அரசே?"

"அதற்கும் கத்து. யார் வேண்டாம் என்றது?"

பிறகு விலங்குகளிடம் சொன்னது: "குருவி கத்தினால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் வந்து பார்க்கும்வரை தலை குனிந்து அசையாமல் நில்லுங்கள். தப்பு செய்தவருக்கு அன்று தண்ணீர் கிடையாது."

மறுநாளே ஒரு மான்குட்டி, தும்பி ஒன்றைப் பார்க்கத் தலை தூக்கியது. குருவி கத்தியது. கரடி வந்து குட்டியையும் தாயையும் விரட்டிவிட்டது. வெயிலில் குட்டி தள்ளாடித் தள்ளாடி நடந்தது. தாய்மான் தன் நிழல் குட்டிமேல் விழும்படி ஒட்டி நடந்தது.

"கண்ணே, இனிமேல் அது கத்தினால் மூச்சுகூட விடாதே. அம்மா பக்கத்திலேயே நிற்பேன்" என்றது.

"சரிம்மா" என்றது குட்டி.

அதற்குப் பிறகு குளத்தில் சத்தமே இல்லை. அப்படியோர் ஒழுங்கு! கரடி பாறை நிழலில் குறட்டை விட்டுத் தூங்கியது.

ஒரு நாள் உச்சி வெயிலில் புதருக்குள் செந்நாய்கள் பதுங்கி வந்தன. குருவி தொண்டை கிழியக் கத்தியது.

எல்லாத் தலைகளும் குனிந்தன.

"ஐயோ, செந்நாய்! ஓடுங்கள்!" என்று அவற்றின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தது குருவி.

"நம்பாதீர்கள்" என்று முணுமுணுத்தது முயல். "இன்றைக்கு யாரையோ மாட்டிவிடப் பார்க்கிறது."

"அம்மா, ஏதோ வாடை அடிக்கிறதே" என்றது மான்குட்டி.

"உஷ்! தலையைக் குனி" என்றது தாய்.

குட்டி குனிந்தது. சற்று நேரத்தில் புதர் சலசலத்தது. ஏதோ பாய்ந்து வந்தது, ஏதோ இழுபட்டுப் போனது. தாய்மானின் விலாவில் ஒட்டியிருந்த இளஞ்சூடு விலகிவிட்டது. திரும்பிப் பார்க்க அதன் கழுத்து துடித்தது. ஆனாலும் அது பார்க்கவில்லை.

கரடி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து சேர்ந்தது. "யார் தலை தூக்கியது?"

"யாரும் தூக்கவில்லை, அரசே" என்றது குருவி. "எல்லோரும் நீங்கள் சொன்னபடியேதான் நின்றார்கள்."

அப்போது தாய்மான் தலையை நிமிர்த்திப் பக்கத்தில் பார்த்தது. அங்கே ஈர மணலில் சின்னக் குளம்புத் தடங்கள் மட்டும் இருந்தன. முயல் நிமிர்ந்தது. பிறகு மற்ற விலங்குகளும் நிமிர்ந்தன.

குருவி கத்தவில்லை.

நீதி: காக்கும் குரலைக் கண்காணிக்கும் குரலாக்கினால், ஆபத்து வரும்போது அதை யாரும் நம்ப மாட்டார்கள்.