வெந்நீர்ப் பட்டணத்துக் காவல் பூதம்

கிட்ட வா, இன்னும் கொஞ்சம் கிட்ட வா. போர்வைய மொத்தமா நீயே சுருட்டிக்காத, எனக்கும் கொஞ்சம் விடு. 'ம்' சொல்லிக்கிட்டே இருக்கணும், என்ன? உன் 'ம்' நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு முழங்கால் இருந்துச்சாம். சிரிக்காத, நிசமாத்தான். அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரி பேரு காத்தாயி. அந்த ஊர் அம்மன் திருவிழாவுல கும்மிக்கு முதல் அடி எடுத்து வைக்கிறது அவதான். அவ குனிஞ்சு கை தட்டினாத்தான் மத்த பொம்பளைங்களுக்குக் கையே எழும்பும். அந்த வருஷம் பாரு, முழங்கால் கிறீச் கிறீச்சுன்னு கத்துச்சு, அப்புறம் கத்துறதையும் நிறுத்திட்டு மரக்கட்டையாட்டம் மடங்காமப் போச்சு. எதிர்வீட்டு மருக்கொழுந்து சும்மா இருப்பாளா? வாசல்ல நின்னுக்கிட்டு, "நீங்க ஓரமா உட்காருங்கக்கா, இந்த வருஷக் கும்மிய நான் பார்த்துக்கிறேன்"னா. அன்னைக்குக் காத்தாயிக்குச் சோறு இறங்கல.

ம்... அந்தக் காத்தாயிக்கு ஒரு மருமக, சிட்டம்மா. வாய் கம்மி, கண்ணு நாலு பக்கமும் போகும். அவ சொன்னா, "அத்த, மலைக்கு அந்தாண்ட வெந்நீர்ப் பட்டணம்னு ஒண்ணு இருக்காமே. அந்த ஊத்துத் தண்ணியில கால வச்சா எந்த மூட்டும் இளகிருமாமே."

"அது இடிஞ்சு கிடக்கிற ஊருடி. பூதம் காவல் இருக்கு."

"பூதத்துகிட்டக் கேட்டுப் பார்ப்போம். மருக்கொழுந்துகிட்டக் கேட்கிறதுக்கு அது தேவல."

அத்தைக்கு அந்தப் பேச்சு பிடிச்சுப்போச்சு. அப்புறம் என்ன, மாட்டு வண்டி கட்டி, கடகட கடகடன்னு மலையேறி இறங்கினாங்க.

இறங்கினா, அடேயப்பா, எப்பேர்ப்பட்ட ஊரா இருந்திருக்கும் அது! தெருவெல்லாம் கல்லு பாவியிருக்கு, நடக்கத்தான் ஆளில்ல. தூணெல்லாம் காத்துல சாஞ்ச வாழ மாதிரி வரிசையாப் படுத்துக்கிடக்கு. ராஜா கொலுவிருந்த மண்டபத்துல ஒரு உடும்பு கொலுவிருக்கு. கூரையில்லாத வீட்டுக்குள்ள இருந்து அத்திமரம் எட்டிப் பார்க்குது. எல்லாத்துக்கும் நடுவுல ஒரு குளம். அடியில இருந்து தண்ணி கொதகொதன்னு கொதிச்சு மேல வருது, படி வழியா வழிஞ்சு வரவர கால் வைக்கிற பதத்துக்கு ஆறி ஓடுது. புசுபுசுன்னு ஒரே ஆவி.

அந்த ஆவிக்குள்ள ரெண்டு கண்ணு, தாம்பாளத் தட்டாட்டம். யாரு? ம், பூதமேதான்.

"யாரது என் தண்ணிகிட்ட?"

"நான் சிட்டம்மா, இவங்க என் மாமியா. முழங்காலுக்காக வந்தோம் சாமி."

"எங்க ராஜா போகையில 'கண்ண மூடாம இரு'ன்னு சொல்லிட்டுப் போனாரு. மூணு வேலை தருவேன். செஞ்சா தண்ணி. ஒண்ணுல தோத்தாலும் திரும்பிப் போயிரணும், அப்புறம் நீங்க எத்தனை தரம் வந்தாலும் இந்தக் குளம் கண்ணுக்குத் தெரியாது."

அத்தை முகம் செத்துப்போச்சு. சிட்டம்மா, "சொல்லுங்க"ன்னா.

"இந்தா, கொதிக்கிற தண்ணி ஒரு சொம்பு. நான் முதுகு சொறிஞ்சு முடிக்கிறதுக்குள்ள இதைக் குடிக்கிற பதமாக்கு. ஊதக்கூடாது, விசிறக்கூடாது, பச்சத்தண்ணி கலக்கக்கூடாது." சொல்லிட்டு அது கரக் கரக்குன்னு சொறிய ஆரம்பிச்சிருச்சு. அழுக்கு அப்பளமா உதிருது.

அப்போ சிட்டம்மா சோத்து மூட்டையில இருந்து ஒரு டம்ளர எடுத்தா. ஒரு கை தலைக்கு மேல, ஒரு கை இடுப்புக்குக் கீழ. சொர்ர்ர்ர்... மறுபடி சொர்ர்ர்ர்... நுரை கட்டுற வரைக்கும் ஆத்தினா. பூதம் ஒரு வாய் குடிச்சுது. "ராஜா வீட்டு ஆளுங்களுக்கு இது தெரியாமப் போச்சே"ன்னுச்சு.

அப்புறம் ரெண்டாவது. "இந்த இடிஞ்ச ஊர்ல இடியாத ஒண்ணைக் காட்டு."

சிட்டம்மா தேடினா, தேடினா. கோட்டை விழுந்துபோச்சு, கோபுரம் விழுந்துபோச்சு, சாமிக்கே மூக்கு விழுந்துபோச்சு. ஒரு வீட்டு அடுப்படிக்குள்ள நுழைஞ்சா, அங்க ஒரு ஆட்டுக்கல்லு. குழவியோட அப்படியே உட்கார்ந்திருக்கு.

"இதோ சாமி. விழணும்னா இதுக்குக் கீழ இடமே இல்லையே."

"என்னைய மாதிரி. உட்கார்ந்த எடத்தை விட்டு அசையாது"ன்னா அத்தை. பூதத்துக்குச் சிரிப்பு வந்துருச்சு, கெக்கெக்கேன்னு சிரிச்சதுல பாதி ஒடிஞ்சு நின்ன ஒரு தூணும் தொப்புன்னு விழுந்துச்சு.

ம்... முழிச்சிருக்கியா? சரி, மூணாவது.

பூதம் சொம்பக் கீழ வச்சுது. அப்புறம் மெதுவா, "நான் கண்ண மூடணும்"ன்னுச்சு. "ராஜா இனிமே வரமாட்டாருன்னு எனக்கும் தெரியும். ஆனா மூடிப் பழக்கம் விட்டுப்போச்சு. வந்தவங்க எல்லாம் தாலாட்டுப் பாடினாங்க. மத்தளம் அடிச்சாங்க. இமை இறங்க மாட்டேங்குது."

சிட்டம்மா அதை மேலயும் கீழயும் பார்த்தா. சடையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. "ஏன் சாமி, இத்தனை வெந்நீரை வச்சுக்கிட்டு நீங்க தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"

பூதம் நெளிஞ்சுது. "காவல்காரனுக்குக் குளிக்க ஏது நேரம்?"

"உட்காருங்க, எண்ணெ தேய்ச்சு விடுறேன்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"ஆம்பளைக்குச் சனியில்ல?"

"எத்தனையோ சனிய விட்டாச்சு, ஒரு வெள்ளியில ஒண்ணும் ஆயிராது. குனிங்க."

அத்தை அவ காதுகிட்ட வந்து, "அடியே, அது என் காலுக்குக் காய்ச்சின எண்ணெடி"ன்னா. "தண்ணி கிடைச்சாத்தானே அத்த காலு"ன்னுட்டு, சிட்டம்மா தூக்குல இருந்த எண்ணெய மொத்தமா அந்தத் தலையில கவுத்திட்டா. சளப் சளப்புன்னு தேய்ச்சா. உச்சி, பிடரி, காது மடல், ஒண்ணு விடல. பூதம் "ஆ... அங்கதான், இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்"ன்னுச்சு. வழிஞ்ச எண்ணெய அத்தை சும்மா விடுவாளா? வழிச்சு வழிச்சுத் தன் முழங்கால்ல தடவிக்கிட்டா.

அப்புறம் சிட்டம்மா வெந்நீர் ஊத்தி, அத்தை கால் எண்ணெயக் கழுவக் கொண்டுவந்த சீயக்காயக் கரைச்சுப் பூதத்தோட தலையில அப்பினா. நுரை நெத்தியில இறங்குது, புருவத்துக்கு வந்துருச்சு.

"சீயக்காய் எரியும் சாமி. கண்ண மூடிக்குங்க."

சீயக்காய்க்குப் பூதமாவது, ராஜாவாவது! பளிச்சுன்னு மூடிக்கிச்சு. இமை ரெண்டும் சந்திச்சு எத்தனை காலமாச்சோ, ஒண்ணை ஒண்ணு விட மனசில்ல. சிட்டம்மா மொள்ளமா ஒரு சொம்பு ஊத்தினா, இன்னொரு சொம்பு ஊத்தினா. அலசி முடிச்சு, "இப்பத் திறக்கலாம் சாமி"ன்னா.

கொர்ர்ர்ர்...

எண்ணெ தேய்ச்சுக் குளிச்சா யாருக்குத்தான் தூக்கம் வராது?

அப்போ அத்தை மெல்லப் படியில உட்கார்ந்து ரெண்டு காலையும் தண்ணியில விட்டா. சூடு ஏறுது, ஏறுது. களுக்குன்னு ஒரு சத்தம். மடக்கிப் பார்த்தா மடங்குது, நீட்டினா நீளுது. விருட்டுன்னு எழுந்தா. ஈரக்காலோட அந்தக் கல்லுத் தெருவுல குனிஞ்சு, சுத்தி, நிமிர்ந்து, கும்மியடிக்கக் கைய ஓங்கிட்டா. ரெண்டு கைக்கும் நடுவுல சிட்டம்மா தன் கையக் குடுத்துத் தடுத்தா.

"அத்த, முழிச்சுக்கப் போவுது."

அத்தை சத்தமில்லாமக் கை தட்டி ஒரு சுத்து ஆடினா. "மருக்கொழுந்து பார்க்கணும்டி இதை"ன்னா.

வண்டியில ஏறப் போறப்போ சிட்டம்மா திரும்பிப் பார்த்தா. பூதம் ஈரத் தலையோட கல்லுல சாஞ்சு தூங்குது, சொட்டுச் சொட்டுன்னு தண்ணி வடியுது. சளி பிடிச்சுக்காதா? திரும்ப வந்தா. அத்தையோட மாத்துச் சேலைய எடுத்து அந்தத் தலையத் துவட்டி, முண்டாசாக் கட்டிவிட்டா. அப்புறம் அந்தப் பெரிய கைய ரெண்டு கையாலத் தூக்கி, அது கன்னத்துக்கு அடியில வச்சா. இந்தா, உன் கையக் குடு, இப்படித்தான் வச்சா.

அங்க பூதம் தூங்குது, இங்க கதையும் தூங்கிருச்சு. நீயும் தூங்கு.