சாம்பி சுமந்த மிளகாய்

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு காடு இருந்தது, பிள்ளைகளே. அந்தப் பக்கம் கிளிகள் நடத்தும் சந்தை இருந்தது. இரண்டுக்கும் நடுவே சரக்கு போய்வர இருந்தது ஒரே ஒரு முதுகு. அது சாம்பி என்ற கழுதையின் முதுகு.

காட்டில் முள்ளம்பன்றி சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தது. கரடி கேழ்வரகு விதைத்திருந்தது. முயல் கீரைப் பாத்தி வைத்திருந்தது. தின்றது போக மிஞ்சியதைச் சாம்பி சந்தைக்குச் சுமந்து போவாள். பதிலுக்கு உப்பும் வெல்லமும் கொண்டுவருவாள்.

சாம்பி நல்லவள்தான். உடம்பு வணங்காது, அவ்வளவுதான். அப்போது வயிற்றில் குட்டி வேறு. மலை ஏறும்போதெல்லாம் முனகிக்கொண்டே ஏறினாள்.

ஒருநாள் கரடி, வேலியோரம் காய்த்த மிளகாயைக் காயவைத்து ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தது. அடடா, முதுகில் மூட்டை இருப்பதே தெரியவில்லை! சந்தையில் கிளிகள் அந்த மிளகாய்க்கு அடித்துக்கொண்டன. பதிலுக்குப் பொரி மூட்டையும் ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தன. பொரியும் இலேசுதானே! சாம்பி துள்ளிக்கொண்டு இறங்கிவந்தாள்.

"இனிமே நான் மிளகாய் மட்டும்தான் தூக்குவேன்" என்றாள்.

"அப்போ என் கிழங்கு?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"உன் கிழங்கைத் தூக்கி என் முதுகு ஒடியுது. வேணும்னா நீயே தூக்கிட்டுப் போ."

முள்ளம்பன்றி தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது. அந்த முள்ளில் எந்தச் சாக்கு தாங்கும்? கிழங்குக் கொடியைப் பிடுங்கிவிட்டு மிளகாய் நாற்று நட்டது. உப்பில்லாமல் கரடிக்குக் கூழ் இறங்காது. அதுவும் நட்டது.

முயல்தான் கெஞ்சியது. "அக்கா, கீரையைப் பிடுங்க மனசு வரலையே."

"மலை ஏறுறதுக்குள்ள வாடிப்போற சரக்கை வெச்சுக்கிட்டு என்னடி பண்றது?"

முயலும் பிடுங்கியது. கொஞ்ச நாளில் காடு முழுவதும் செக்கச்செவேலென்று பழுத்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கோடையில் சாம்பிக்குக் குட்டி பிறந்தது. நீளக் காதும் நடுங்கும் காலுமாக அத்தனை அழகு! சாம்பி அதை நக்கி நக்கி மாளவில்லை. ஆனால் வெயிலில் புல் கருகிவிட்டது. தின்னக் கிடைத்தது பொரி மட்டும்தான். பொரியில் பால் ஊறுமா? நாளுக்கு நாள் மடி வற்றியது.

"அம்மா, பால் வரலையே" என்றது குட்டி.

சாம்பி முயலிடம் ஓடினாள். "தங்கச்சி, ஒரு பிடி பச்சைக் கீரை குடேன். பால் ஊறணும்."

முயல் தலையைக் குனிந்துகொண்டது. பாத்தி நிறைய மிளகாய்.

கரடியிடம் போனாள். மிளகாய். முள்ளம்பன்றியிடம் போனாள். அங்கேயும் மிளகாய். கொடுக்க எல்லாருக்கும் மனம் இருந்தது. நிலத்தில்தான் ஒன்றும் இல்லை.

அதற்குள் பின்னால் ஓர் அலறல். பசி தாங்காத குட்டி ஒரு மிளகாய்ப் பழத்தைக் கடித்துவிட்டது! வாயும் கண்ணும் எரிய, அம்மாவின் காலுக்கடியில் வந்து புகுந்துகொண்டது.

"நான் சொல்லித்தானே எல்லாரும் நட்டீங்க! என் பிள்ளை வாயில நானே மிளகாயை வெச்சுட்டேனே!" என்று அழுதாள்.

முயல் மெல்ல அருகில் வந்தது. "அக்கா, வளை வாசல்ல ஒரு முழம் கீரையைப் பிடுங்காம விட்டுட்டேன். என் பிள்ளைங்களுக்குன்னு ஒளிச்சு வெச்சது. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. வாங்க, பாதி உங்களுக்கு."

"உன் பிள்ளைங்களுக்குப் பத்துமா?"

"இதுவும் நம்ம பிள்ளைதானே அக்கா!"

கண்ணீரும் கீரையுமாகச் சாம்பி தின்றாள். தினமும் முயல் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தது. மெல்ல மெல்ல மடியில் பால் ஊறியது. ஒரு மாலை, குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு, வாயில் நுரையோடு அப்படியே தூங்கிப்போனது.

முதல் மழை விழுந்தது. சாம்பி தானே போய் முள்ளம்பன்றியின் முன் நின்றாள்.

"கிழங்கு போடு. கனத்தா கனக்கட்டும், ரெண்டு நடையா நடக்கிறேன்." பிறகு முயலைப் பார்த்தாள். "கீரையை ஈரச் சாக்குல சுத்திக் குடு தங்கச்சி. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்பிடறேன்."

"அப்போ மிளகாய்?" என்றது கரடி.

"வேலியோரம் இருக்கட்டும். கிளிகளும் பாவம்தானே!"

அந்த அறுவடையில் சாம்பியின் முதுகில் கிழங்கு மூட்டை ஏறியது. மலை செங்குத்தாக இருந்தது. குட்டி பக்கத்திலேயே துள்ளிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் சாம்பி முனகவே இல்லை.

நீதி: சுமப்பவர் வசதிக்காக மட்டுமே விதைத்த நிலம், பிள்ளை பசித்து அழும்போது கையை விரித்துவிடும்.