சந்தையில் கூவிய வேப்பம்பூ

ஜமீன் தோட்டத்தில் தானாக முளைத்த மரமொன்று வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூத்துக் குலுங்கியது.

"பெயர் எனக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் தோட்டக்காரியும் சொல்லட்டும். இல்லையென்றால் அவள் வேலை என் மருமகனுக்கு!" என்று செருமினார் ஆஸ்தானப் புலவர். ஜமீன்தார் தலையாட்டிவிட்டார்.

தோட்டக்காரி சடைச்சி ஒரு பூங்கொத்தை ஒடித்துக்கொண்டு சந்தைக்கு ஓடி ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டென்று பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்து, "வேப்பம்பூ! ரசத்துக்கு வேப்பம்பூ!" என்று கூவினாள்.

அவ்வளவுதான். "அடி கூறுகெட்டவளே, இது மாவிலங்கம்! என் ஆடு தின்கிற தழை!" என்றாள் ஆட்டுக்காரி. "மாவிலங்கக் கட்டையில மேளம் கடையறவன் நான், என்கிட்டயேவா?" என்று சீறினார் ஒருவர். வைத்தியர் அடிக்கவே வந்தார்: "கல்லடைப்புக்கு நான் பட்டை உரிக்கிற மாவிலங்கம்டி!"

மாலையில் சபை கூடியது. "புலவரய்யா முதல்ல ஓலையில எழுதட்டும் சாமி, பிறகு நான் சொல்றேன்" என்றாள் சடைச்சி. அவள் கூவியதைக் கேட்டதுமே சந்தையிலிருந்து ஓடிவந்திருந்த புலவரின் ஆள் அவர் காதைக் கடித்தான். புலவரும் கம்பீரமாக எழுதி நீட்டினார்.

"வேம்பா?" என்றார் ஜமீன்தார். சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"மாவிலங்கம் சாமி. சந்தையில வைத்தியரைக் கேட்டுப் பாருங்க" என்றாள் சடைச்சி.

"பலே! என்ன வேணும், கேள்."

"வேலை நிலைச்சதே போதும் சாமி. உத்தரவு கொடுங்க. என்னைத் திட்டின மூணு தெய்வங்களும் சந்தையை விட்டுக் கிளம்புறதுக்குள்ள ஓடிப்போய்க் கும்பிட்டுட்டு வந்துடறேன்."