கண்ணாடிப் பெட்டியில் எழுபது மாடி

நகரத்தின் நடுவே எழும்பப்போகும் கட்டடத்தை ஏழாவது தடவையாக மாற்றி வரைந்துவிட்டு, அதன் சிறிய மாதிரியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருதயராஜ் வீட்டுக்கு வந்தாள் செண்பகவல்லி. கல்லூரியில் அவளுக்குக் கட்டடக் கலை சொல்லிக்கொடுத்தவர் அவர். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. சந்தேகம் என்றால் இன்றைக்கும் இங்கேதான் வருவாள். இந்தத் தடவை சந்தேகம்கூட இல்லை, வெறும் அலுப்பு.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் சார்."

"முதல்ல தண்ணி குடி."

குடித்தாள்.

"நாற்பது மாடின்னு ஆரம்பிச்சோம். எதிர்ல எவனோ ஐம்பது கட்டப்போறான்னு ஐம்பதாக்கினார் கட்டடத்து முதலாளி. அப்புறம் உச்சியில கூம்பு. இப்ப எழுபது. இன்னும் உயரமாவே தெரியலையாம்."

"எதைப் பார்த்துச் சொல்றார்?"

"இந்த மாதிரியைத்தான். அவர் அறையில ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள அடங்கணும்."

முதன்முதலில் செய்த மாதிரியை அவள் ஆசையாக அவருக்குக் கொடுத்திருந்தாள். அது ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து நின்றது. இருதயராஜ் அதை இறக்கிப் புதியதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு உச்சிக்கும் மேலே உள்ளங்கையைப் படுக்க வைத்தார். கை கொஞ்சமும் சாயவில்லை.

செண்பகவல்லிக்கு வெட்கமாகப் போயிற்று. மாடி கூடக்கூட, பெட்டிக்குள் அடங்குவதற்காக மாதிரியைச் சுருக்கிக்கொண்டே வந்தது அவளுடைய அலுவலகம்தான். அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

"பெரிய பெட்டியாச் செய்யச் சொல்லிடறேன்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய மாதிரியின் அடியில், நக உயரத்தில் சில பொம்மை ஆட்கள் முகப்பு நிழலில் பஸ்ஸுக்காக நின்றார்கள். அந்த நிழலுக்காகத்தான் அவள் இந்த வேலையையே ஒப்புக்கொண்டாள்.

"புதுசுல இவங்க எங்கே?"

"ஐம்பதாக்கினப்பவே எடுக்கச் சொல்லிட்டார். எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். ஆளுங்க போனதும் நிழலும் போச்சு. அங்கே இப்ப கார் நிக்கும்." பழைய மாதிரியின் தூசியைத் துடைத்தபடி, "நானும் சண்டை போடலை சார். களைச்சுப்போயிட்டேன்," என்றாள்.

"உயரமாத் தெரியலைன்னு சொல்ல ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

யோசித்தாள். "பின்னாடிதான்."

இருதயராஜ் சமையலறைக்குப் போய் ஓர் உளுந்தை எடுத்துவந்து, ஆள் நிற்பதுபோல் புதிய மாதிரியின் வாசலில் வைத்தார். கட்டடம் நெடுநெடுவென்று உயர்ந்து நின்றது.

செண்பகவல்லி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த உளுந்தை எடுத்து, கார் நிற்கப்போகும் இடத்தில் வைத்தாள்.

"அவர்கிட்ட என்னன்னு சார் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. ஆளே இல்லாம, எதைவிட உயரம்னு கேளு."