இருநூறு புளியங்கொட்டைகளின் சாட்சி

தும்மல் வந்தால்கூட அதற்கொரு சட்டம் போடுகிற ராஜா ஒருவர், ரொம்பக் காலத்துக்கு முன்னால், செங்கழனி நாட்டை ஆண்டுவந்தார். பேர் கீர்த்திசேனர்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் நூறு நூறு தேங்காய் வந்தது. உடைத்துப் பார்த்தால் கீழக்கரைக் காயில் ஒன்பது அழுகல், மேலக்கரைக் காயில் பதினாலு.

மடப்பள்ளி அதிகாரி வீரபாகு சும்மா இருப்பாரா? கீழக்கரையில் அவர் மச்சானுக்குத் தோப்பு இருந்தது.

"பிரபு, மேலக்கரை ஜனங்கள் வேண்டுமென்றே அழுகலைத் தள்ளுகிறார்கள். ஊரையே காலி பண்ணச் சொல்லுங்கள்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

மேலக்கரைக்காகப் பேச வந்திருந்தவள் செங்கமலம், மரமேறியின் பெண்டாட்டி. "எழுபது குடும்பம், சாமி. எங்கே போவோம்? இந்தத் தடவை ஏதோ அப்படி விழுந்துபோச்சு."

"பதினாலும் தானாக விழுந்ததாக்கும்?" என்றார் வீரபாகு.

மந்திரி அறவாழி ஒரு பானையோடு எழுந்தார். "பிரபு, இரண்டு கரைக் காயும் ஒரே தரம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதில் இருநூறு புளியங்கொட்டை. இருபத்துமூன்றுக்குச் சுண்ணாம்பு தடவியிருக்கிறேன், அவை அழுகல். கண்ணை மூடிக் கலக்கி நூறை இடப்பக்கம் போடுங்கள். மிச்சம் வலப்பக்கம்."

ராஜா போட்டார். இடப்பக்கம் பதினைந்து வெள்ளை, வலப்பக்கம் எட்டு.

"இடப்பக்கம் பெரிய களவாணியாக இருக்கிறதே. எப்போது நாடு கடத்தலாம்?" என்றார் அறவாழி.

"யோவ், அது ஏதோ அப்படி விழுந்துவிட்டது."

"அதைத்தான் செங்கமலமும் சொல்கிறாள்."

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராஜா விடவில்லை, பத்துத் தடவை கலக்கினார். நாலு தடவை, தேங்காயில் வந்த அதே ஐந்தோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தது.

"இப்படிப் பார்த்தால் எந்தத் திருடனும் தப்பித்துவிடுவானே?" என்றார் வீரபாகு.

"ஒன்பதுக்கு நாற்பது என்றால் நானே துரத்தச் சொல்லியிருப்பேன். அத்தனை வித்தியாசம் வருஷம் பூராக் கலக்கினாலும் தானாக வராது. மேலக்கரைமேல் தப்பே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. துரத்த இது போதாது என்கிறேன்," என்றார் அறவாழி.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "வீரபாகு, இனி நீர் யார்மேல் புகார் கொண்டுவந்தாலும், முதலில் சபை நடுவில் உட்கார்ந்து பத்துத் தடவை கொட்டை எண்ண வேண்டும். செங்கமலம், ஊருக்குப் போய் எல்லாரையும் நிம்மதியாக இருக்கச் சொல்."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "அடுத்த வருஷம் எங்க காயில அழுகல் கம்மியா இருந்தா, கீழக்கரை ஆளுங்களைத் துரத்திடாதீங்க, சாமி."