கீழ்ப்பாதித் தண்ணீர்

சிவசைலம் சாருக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. பெயர் குழல்வாய்மொழி. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. ஆள் குட்டை. பேச்சு அதைவிடக் குட்டை.

அதுவரை சார் டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். போர்டு, சாக்பீஸ், தொண்டை, இந்த மூன்றும் இருந்தால் போதும் அவருக்கு. ஒருநாள் சென்டரை மூடிவிட்டார்கள். வேறு வேலை தெரியாது. ஊரில் அவர் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது, ‘கணக்கு சார்’ என்றால்தான் தெரியும். கணக்கும் போய்விட்டால் மனுஷனை என்னவென்று கூப்பிடுவார்கள்?

இந்தப் பள்ளியில் எதையும் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துத்தான் படிக்க வேண்டும். சார் அதற்குப் பழகாதவர். அதனால் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள்.

“நானே வந்து ஒரு வகுப்பு பாக்கேன். அதுக்கப்புறம் வச்சுக்கிடலாமா வேண்டாமான்னு சொல்லுதேன்” என்றிருந்தார் பள்ளிச் செயலர். ஏழாம் வகுப்பு, வீதக் கணக்கு, வரும் வெள்ளிக்கிழமை.

சேர்ந்த அன்றே சார் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றிருந்தார்.

“டீச்சர், எனக்குக் கணக்கு தெரியும். இப்படிச் செஞ்சு காட்டிச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. நீங்கதான் கத்துத் தரணும்.”

“கத்துக்கிடலாம்” என்றார் குழல்வாய்மொழி. உபதேசம் முடிந்தது.

வெள்ளிக்கிழமைக்காக சார் பெட்டிக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மிட்டாய் ஜாடி வாங்கினார். நேர்ச்சுவர் உள்ள பெரிய பிளாஸ்டிக் ஜாடி. அடிப்பக்கம் சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். ஓட்டைக்கு மேலே எட்டுச் சம பங்காகக் கோடு போட்ட காகிதம் ஒட்டினார். ஜாடியை மேசை மேல் வைத்து, தண்ணீர் பீய்ச்சி விழும் இடத்தில் தரையில் ஒரு வாளி வைத்தார். பின்னமும் ஆச்சு, வீதமும் ஆச்சு.

வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார். மேலிருந்து நாலு பங்கு, அதாவது பாதி ஜாடி, ஆறு நிமிடத்தில் வெளியேறியது. அத்தோடு ஓட்டையை அடைத்துவிட்டார். பாதிக்கு ஆறு என்றால் முழுசுக்குப் பன்னிரண்டு, மீதியை எதற்குப் பார்க்க வேண்டும்? கணக்கு வாத்தியாரைத் தவிர யாரும் இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள். மற்றவர்கள் தண்ணீர் தீரும்வரை பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

புதன்கிழமை பிள்ளைகளோடு ஒருமுறை செய்து பார்த்தார்.

“பாதி ஜாடிக்கு ஆறு நிமிஷம். முழு ஜாடிக்கு?”

“பன்னிரண்டு” என்றது வகுப்பு.

சாருக்குச் சந்தோஷம். போர்டில் பன்னிரண்டு என்று பெரிதாக எழுதிக் கோடு போட்டார். பன்னிரண்டாவது நிமிடம் வந்தது.

“சார், இன்னும் ஊத்துது” என்றாள் முப்புடாதி. முன்வரிசைப் பிள்ளை. கண்ணில் பட்டது வாயில் வந்துவிடும், அது அவள் சுபாவம்.

சார் குனிந்து பார்த்தார். எட்டில் ஒரு பங்குக்கு மேலேயே தண்ணீர் மிச்சம் நின்றது. ஓட்டையில் தூசி அடைத்திருக்கும் என்று ஊக்கால் குத்தினார். தூசி இல்லை.

“அதெல்லாம் அப்படித்தான். எல்லாரும் பன்னிரண்டுன்னு எழுதுங்க.”

“இன்னும் ஊத்துதே சார்.”

“ஏட்டி, நீ ஜாடியைப் பாக்காதே. போர்டைப் பாத்து எழுது.”

முப்புடாதி எழுதினாள். சார் ஓட்டையை அடைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே குருவிடம் ஓடினார்.

“டீச்சர், இந்தத் தண்ணி என்னை ஏமாத்துது. கணக்கு சரி, விடை வரமாட்டேங்குது. விடிஞ்சா வகுப்பு. நான் எங்கே தப்பு பண்ணுதேன்?”

“செஞ்சு காட்டுங்க.”

காலி வகுப்பில் ஜாடியை நிரப்பி, ஓட்டையைத் திறந்துவிட்டார். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். சார் கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நடுநடுவே குனிந்து வாளியைச் சரிசெய்தார். நிமிடங்களை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு தாண்டியும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எழுந்து போகலாம் என்றுகூடச் சொல்லாமல் அந்த அம்மாள் கடைசிச் சொட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடத்துக்கு மேலே ஆயிற்று.

“பாத்தீங்களா டீச்சர்?”

“பாத்தேன். வாளியை ஏன் நகர்த்தினீங்க?”

“எந்த வாளியை?”

தலைமையாசிரியை கையைக் காட்டினார். வாளி மேசைக் காலை ஒட்டி நின்றது. ஆரம்பத்தில் சார் அதை அங்கே வைக்கவில்லை. எட்டி, நாலு தரைக்கல் தள்ளி வைத்திருந்தார்.

“தண்ணி வெளியே சிந்துச்சு. அதான் கிட்டக் கொண்டுவந்தேன்.”

“முதல்ல சிந்தலையே.”

சார் வாளியைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். நேற்றும் இப்படித்தான் நகர்த்தியிருக்கிறார். தண்ணீர் தளரத் தளர வாளியை இழுத்து இழுத்து வைத்த கை அவருடைய கைதான். அவருக்குத்தான் தெரியவில்லை.

“மேலே தண்ணி நிறைய இருந்தாத்தான் அழுத்தம். குறையக் குறைய வேகம் குறையுது. ஒரே வீதம் கிடையாது” என்றார் மெதுவாக.

தலைமையாசிரியை தலையாட்டினார்.

புரிந்ததும் நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை. பயம்தான் கூடிற்று.

“டீச்சர், செயலர் முன்னாடி இதைச் சொன்னா, வாத்தியாருக்கே கணக்கு வரலைன்னு நினைப்பாரு. நாளைக்கு ஒருநாள் மட்டும் பன்னிரண்டுன்னே இருக்கட்டும். பன்னிரண்டு ஆனதும் ஜாடியைச் சாய்ச்சு மிச்சத்தைக் கொட்டிருதேன். திங்கக்கிழமை பிள்ளைகள்ட்ட உண்மையைச் சொல்லிக்கிடலாம். செய்யலாமா?”

“வகுப்பு உங்களுது சார்.”

பையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது சார் கொஞ்சம் தூங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே சார் முப்புடாதியைத் தனியே கூப்பிட்டார்.

“இன்னைக்குச் செயலர் வாராரு. நீ ஒண்ணும் சொல்லக்கூடாது. சரியா?”

“சரி சார்.”

“தண்ணி இருந்தாலும் சொல்லக்கூடாது.”

“சரி சார்.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு என்னவோ போல இருந்தது.

செயலர் வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார், கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டார். தலைமையாசிரியை வழக்கம்போலக் கடைசி பெஞ்ச். சார் ஜாடியைத் திறந்துவிட்டார். பாதி ஜாடிக்கு ஆறு நிமிடம், முழுசுக்கு எவ்வளவு என்றார். பிள்ளைகள் பன்னிரண்டு என்றார்கள். செயலர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் சாருக்கு உயிர் வந்தது.

நிமிடம் பன்னிரண்டு. தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. சாய்ப்பதற்காக ஜாடியின் விளிம்பில் கையை வைத்த சார், வாக்குக் கொடுத்த பிள்ளை வாயைத் திறந்துவிடப் போகிறாளோ என்று முன்வரிசையைப் பார்த்தார்.

முப்புடாதி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏட்டி, ஏன் கண்ணை மூடிக்கிட்டே?”

“பாத்தா சொல்லிருவேன் சார்.”

தண்ணீர் வாளியில் விழுவது மட்டும் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது சாரை. இந்த வயதில், ஒரு பிள்ளையைக் கண்ணை மூட வைத்துவிட்டோமே. விளிம்பில் இருந்த கையை எடுத்துவிட்டார்.

“கண்ணைத் திற. ஜாடியில தண்ணி இருக்கா?”

முப்புடாதி முதலில் செயலரைப் பார்த்தாள், அப்புறம் சாரை.

“இருக்கு சார்.”

“ஆமா, இருக்கு. பன்னிரண்டுன்னு நான் சொன்னது தப்பு. எழுந்து வா. வாளியை நீ பிடி. நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லுதேன், தண்ணி எங்கே விழுதோ அங்கே சாக்பீஸால கோடு போடு.”

அவள் வாளியை விலக்கிக் கோடு போட்டு மறுபடி வைத்தாள். அடுத்த நிமிடம் இன்னொரு கோடு. மற்ற பிள்ளைகள் பெஞ்சைவிட்டு இறங்கி வந்து தரையில் குந்திவிட்டார்கள். ஒழுங்கு என்று ஒன்று இருந்ததே, அது போயே போச்சு.

“தண்ணி கிட்டக் கிட்ட வருது சார்.”

“ஏன் வருது?”

“மேலே நின்னு அழுத்தத் தண்ணி இல்லல்லா.”

இதற்குள் செயலரின் மடியில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார், எழுந்தார்.

“பன்னிரண்டு வரும்னீங்க. வரலையே.”

“வராது சார்” என்றார் சிவசைலம்.

“சரி. டீச்சர்ட்ட பேசுதேன்.” அவர் காதில் கைப்பேசியை வைத்தபடி வெளியே நடந்தார். ஜாடியில் அப்போதும் தண்ணீர் இருந்தது. அந்தக் கடைசிப் பங்கு, மேலே நாலு பங்கு போன நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அதைப் பார்க்கச் செயலர் இல்லை.

முப்புடாதி கோடுகளுக்கு நடுவே விரலை வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

“சார், இங்க பாருங்க. தண்ணி ஒரே மாதிரி போகல. கோடு மட்டும் ஒரே மாதிரி வருது. எல்லாத்துக்கும் மூணு விரல்.”

சார் குந்தி அளந்தார். கிட்டத்தட்ட மூன்று விரல்தான். இதை எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியவும் இல்லை.

“தெரியலயே முப்புடாதி. பாக்கணும்” என்றார்.

மணி அடித்தது. கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. சார் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார். அவர் சன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தார். சார் உட்காரவில்லை.

“டீச்சர், அவர் பாதியிலேயே எழுந்து போயிட்டாரு.”

“ஆமா.”

“போகும்போது முகத்தைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்போ முழுசும் போச்சு. தெரிஞ்சுட்டு. திங்கக்கிழமை நான் வரணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லிருங்க. வீட்டில சொல்லணும்.”

தலைமையாசிரியை சன்னலுக்கு வெளியே பார்த்தார். மணி அடித்தும் போகாமல் எதிர் வகுப்பறையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஜாடியை மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். முப்புடாதி சாக்பீஸோடு தரையில் காத்திருந்தாள்.

“பாதியைப் பாத்து முழுசைச் சொல்லுத பழக்கம் இன்னும் விடலையா சார்?”