முகமில்லாத கட்-அவுட்

இந்த வருஷம் இயற்பியல் நோபல் பரிசு தனக்குத்தான் என்று ஆராய்ச்சி நிலைய இயக்குநர் கோமதிநாயகம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சும்மா சொன்னாரா? ரோஜா மாலைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்! அறிவிப்பு வரும் நாள் காலையில் அலுவலக உதவியாளர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"வாசல்ல எனக்கு ஆளுயர கட்-அவுட் வைக்கணும். பரிசு கிடைச்சா அதுல என் முகம் தெரியணும். கிடைக்கலேன்னா, அது எனக்கு வெச்சதுன்னே யாருக்கும் தெரியக்கூடாது. சொதப்பினா உன் வேலை போயிடும்!"

"சரிங்க சார்."

மத்தியானம் டிவி முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது. அறிவிப்பும் வந்தது. பரிசு வேறு யாருக்கோ! இயக்குநர் பதறிப்போய் வாசலுக்கு ஓடினார்.

அங்கே கோட்டும் சூட்டுமாக, கையில் தங்கப் பதக்கத்தோடு கட்-அவுட் நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், பொருட்காட்சியில் வைப்பார்களே, அதுபோல ஓர் ஓட்டை. அதில் வாட்ச்மேன் முகத்தை நுழைத்துச் சிரிக்க, எதிரே செல்போன்கள் மின்னின. அடுத்து நிற்க கேன்டீன் மாஸ்டர், மாணவர்கள், தோட்டக்காரர் என்று ஒரே தள்ளுமுள்ளு.

"பரிசு வந்திருந்தா நீங்கதான் சார் முதல்ல நின்னிருப்பீங்க," என்றாள் இசக்கியம்மாள்.

இயக்குநர் முறைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு மெல்ல ஓட்டையை நோக்கி நடந்தார்.

"சார்! வரிசைல வாங்க!" என்று கத்தினார் கேன்டீன் மாஸ்டர்.